அஞ்சு அம்பத்தி ரெண்டு

இல்ல தம்பி, அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடும், அதுல உக்காந்து வேல பாக்காதீங்க. இதுல உக்காருங்க. அவரு நாற்காலிதான், பரவால்ல, சும்மாதான கெடக்கு. கம்ப்யூட்டர்ப் பொட்டிய நானே மேசை மேல தூக்கி வச்சுட்டேன், நீங்க வந்து கீழ குனிஞ்சு கெடக்க வேணாமேன்னு. வயரும் கழட்டியாச்சு. எது எங்க இருந்துச்சுன்னு போன்ல படம் புடிச்சு வச்சிருக்கேன், பயப்படாதீங்க.

நாலு மணிக்குள்ள முடிஞ்சிரும்ல? நாலு மணிக்கு ஒருத்தர் வர்றாரு. கஸ்டமர்னு சொல்ல முடியாது, ஒரு வேலையா வர்றாரு. அதுக்கு முன்னாடி இது ஓடணும். இப்ப மூணு அஞ்சு. முக்கா மணி நேரம் போதும்னு நீங்கதான போன்ல சொன்னீங்க.

வண்டிய மாத்திட்டீங்க போல. வரும்போதே பாத்தேன். அந்தச் செவப்பு வண்டி நல்லாத்தான ஓடிச்சு? அப்படியா. பழசுன்னா செலவு வைக்கத்தான் செய்யும். ஆனா ஏன் இந்தப் பக்கமா சுத்திக்கிட்டு வந்தீங்க, பல் டாக்டர் கிளினிக் வழியா வந்தா நேரா நம்ம வாசல்தான? ஓ, அங்க பள்ளம் தோண்டியிருக்காங்களா. நான் காலைல அந்தப் பக்கமாத்தான் போயிட்டு வந்தேன், எனக்குத் தெரியலையே. சரி விடுங்க.

இந்தாங்க, இந்த டப்பாவுலதான் ப்ராசஸர் இருக்கு. மெதுவாத் திறங்க, பஞ்சுக்குள்ள பொத்தி வச்சுக் குடுத்திருக்காரு. ஆமா, நானேதான் போய் வாங்கினேன். பாலத்துக்குக் கீழ பழைய கம்ப்யூட்டர் சாமான் விக்கிற கடைங்க இருக்குல்ல, அதுல மூணாவது. உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்களே வாங்கியாந்திருப்பீங்கதான். உங்களுக்கு எதுக்குச் செரமம்னு விட்டுட்டேன். பொட்டிக்குள்ள இருக்குற மதர்போர்டு நம்பரப் படம் புடிச்சுட்டுப் போனேன். அந்தக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பாத்துட்டு, இந்தப் போர்டுல இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா, இப்ப இருக்குறது ரெண்டு கோர், இது நாலு கோர், இவ்வளவு நாள் ரெண்டு பேர் தூக்கின பீரோவ இனிமே நாலு பேர் தூக்குவாங்கன்னாரு. நாலு பேர் தூக்குறதுன்னா எனக்கு இப்பல்லாம் வேற நெனப்புல்ல வருது. அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

வெலையும் ஒண்ணும் அதிகமில்ல. புதுப் பொட்டி வாங்குறதுல இருபதுல ஒரு பங்கு கூட வராது. இதுக்குத்தான் ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்குள்ள சண்டை. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க வரும்போதெல்லாம் உங்களப் பஞ்சாயத்துக்கு இழுப்பாரு. போர்டு நல்லாருக்கு, ராம் நல்லாருக்கு, ப்ராசஸர மட்டும் மாத்தினாப் போதும், என்ன சொல்றீங்க பொட்டி டாக்டர்னு. நீங்களும் ஆமா சார்னு தலையாட்டுவீங்க. நான் புதுசுதான் வேணும்னு நிப்பேன். ஒரு விண்ணப்பம் திறந்து வர்றதுக்குள்ள வந்தவங்க அவங்க வீட்டுக் கதை முழுக்கச் சொல்லி முடிச்சிருவாங்க. ஜெராக்ஸ் கடையா இது, கதை கேக்குற எடமான்னு கத்துவேன். அவருக்கு என்னமோ அதுதான் புடிக்கும். கம்ப்யூட்டர் வேகமாப் போச்சுன்னா அப்புறம் மனுசங்க எப்பப் பேசுவாங்கன்னு சிரிப்பாரு.

காத்தாடிய இவ்வளவு வேகமாக் கழட்டுறீங்களே. மொதல்ல இரும்ப ஒரு தடவ தொட்டுக்குவீங்களே, கையில கரண்ட் இருக்கும்னு. இன்னைக்கு மறந்துட்டீங்க. ம், இப்பத் தொட்டாச் சரி. எப்பா, எவ்வளவு தூசி. தலையணைக்கே பஞ்சு தேறும் போல.

ப்ராசஸர் மேல சூட்டுக்குத் தடவுன அந்தப் பேஸ்ட் காஞ்சு சிமெண்டாட்டம் ஆயிருச்சு பாருங்க. ஸ்பிரிட் இந்தா இருக்கு, துணியும் இருக்கு. நல்லாத் தொடச்சு எடுங்க. தண்ணி வேணுமா? கழுத்துல வேர்த்து ஊத்துதே உங்களுக்கு. ஃபேன் வேணும்னா கூட்டி வைக்கிறேன்.

கடைசியா நாங்க போட்ட சண்டையும் இதுக்குத்தான். இத யார்கிட்டயும் சொல்லல தம்பி, உங்ககிட்ட சொல்றேன். அவரு போறதுக்கு மொதநாள் சாயங்காலம் ஒரு பொண்ணு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட வந்துச்சு, அன்னைக்குத்தான் கடைசி நாள். எல்லாம் அடிச்சு முடிச்சு அனுப்புற நேரத்துல இந்தச் சனியன் அப்படியே நின்னுருச்சு. நின்னது நின்னதுதான். மணி தாண்டிப் போச்சு. அந்தப் பொண்ணு திட்டக்கூட இல்ல, இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் பொண்ணு முன்னாலயே அவரப் பாத்துச் சொன்னேன், இந்தப் பொட்டியும் நீங்களும் ஒண்ணு, ரெண்டும் இருக்குறது எடத்த அடைக்கத்தான்னு.

அப்படித்தான் சொன்னேன். இருபத்தி ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்த மனுசன. ராத்திரி அவரே சோறு போட்டுச் சாப்பிட்டாரு. விடிகாலைல நடக்கக் கெளம்பினாரு. சக்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னதுலருந்து தெருவுல நாலு சுத்து, அஞ்சாவது சுத்து சுத்திட்டா அவருக்கு அவரே ரெண்டு பிஸ்கட் குடுத்துக்குவாரு. வாசல்ல நின்னு, கதவச் சாத்திக்கிறியான்னு கேட்டாரு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். தூங்குற மாதிரி படுத்திருந்தேன். ரெண்டாவது தடவையும் கேட்டாரு. பதில் சொல்லல. அவரே வெளியில இருந்து சாத்திக்கிட்டுப் போனாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரு குரல நான் கேக்கல.

இல்ல இல்ல, அழல. அழுததெல்லாம் முடிஞ்சது. நீங்க வேலையப் பாருங்க.

அவரு போன அன்னைக்கு நீங்க வந்து செஞ்சதெல்லாம் மறக்கல தம்பி. மேல இருக்கு பாருங்க அந்தப் படம், அது நீங்க பெருசாக்கிப் பிரிண்ட் போட்டுக் குடுத்ததுதான். இதே பொட்டியிலதான் போட்டீங்க. கலர் சரியா வரலன்னு மூணு தடவ மாத்தி மாத்திப் போட்டீங்க. எல்லாரும் என்னையப் பாத்தாங்க, நீங்க மட்டும் நிமிந்தே பாக்கல. எவ்வளவு பாசம் பாரு இந்தப் புள்ளைக்குன்னு எங்க அண்ணிகூடச் சொன்னாங்க. இப்பவும் படத்தப் பாக்க மாட்டேங்கிறீங்களே.

பழசக் கழட்டிட்டீங்களா. இங்க வைங்க, தூக்கிப் போட வேணாம். அது பாட்டுக்குப் பன்னெண்டு வருஷம் உழைச்சிருக்கு.

ஆமா, சொல்ல மறந்துட்டேன். அந்த வீடியோ இருக்குல்ல, போன மாசம் வந்து பாத்தீங்களே, பல் டாக்டரோட கேமரால பதிவானது. அது கெட்டுப் போகலையாம். அந்தக் கடைக்காரர்தான் சொன்னாரு. புதுக் கேமரால்லாம் ஒரு மாதிரி இறுக்கி அமுக்கிப் பதிவு பண்ணுமாம், அத விரிச்சுக் காட்டுறதுக்கு இந்தப் பழைய ப்ராசஸருக்குத் தெம்பு கெடையாதாம். அதான் கட்டம் கட்டமா நின்னிருக்கு. போலீஸ் ஸ்டேஷன்லயும் அப்படித்தான ஆச்சு. அவங்க கம்ப்யூட்டர் நம்மளதவிடக் கிழவி. ஓடலம்மா, வேற ஆதாரம் இருந்தாக் கொண்டாங்கன்னு அனுப்பிட்டாங்க. இந்த ப்ராசஸர் போட்டா வெண்ணெய் மாதிரி ஓடும்னாரு கடைக்காரர்.

நீங்க அன்னைக்கு அழிச்சுட்டீங்கதான். ஃபைல் கெட்டுருச்சு, வச்சிருந்தா மிஷினுக்கும் ஆகாதுன்னு சொல்லி அழிச்சீங்க. நானும் சரின்னேன். எனக்கு என்ன தெரியும். ஆனா பல் டாக்டர்கிட்ட அவரு பதிவு அப்படியேதான இருக்கும்? போய்க் கேட்டேன், மறுபடியும் குடுத்தாரு. இந்தா, என் கையிலதான் இருக்கு பென் டிரைவ்.

தம்பி. ஸ்க்ரூ டிரைவர் அங்க எதுக்கு? அந்தப் பள்ளத்துக்குள்ள பூராவும் ஊசி ஊசியா இருக்காம், ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சுன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாரு. கீழ வச்சுருங்க. தண்ணியக் குடிங்க மொதல்ல. குடிங்க. அவசரமே இல்ல, இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

இல்ல, நாளைக்கு வேணாம். இன்னைக்கே போட்டுருவோம். முக்கோணம் முக்கோணத்தோட சேரணும்ல? மூலைல சின்னதாக் குறி போட்டிருக்கு பாருங்க, அது இந்தப் பக்கம். அப்படித்தான். அமுக்க வேணாம், அதுவா உக்காரும். உக்காந்துருச்சா? இப்ப அந்தக் கம்பிய இழுத்து மாட்டுங்க. பாத்தீங்களா, நீங்க நெனச்சா எவ்வளவு சுத்தமாச் செய்றீங்க. அதனாலதான் அவரு வேற யாரையும் இந்தப் பொட்டியத் தொட விட மாட்டாரு. ப்ராசஸர் மாத்துனா பொட்டி டாக்டர் கையாலதான் மாத்தணும்னு சொல்லிட்டே இருப்பாரு. அதுக்குத்தான் உங்களையே கூப்பிட்டேன். அதுக்கும்தான்.

பேஸ்ட் கொஞ்சமா வைங்க, நடுவுல ஒரு பொட்டு. போதும்.

எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு நீங்க அந்த வீடியோவத் திறந்தீங்கல்ல. ரெண்டு மணி நேரப் பதிவு அது, அஞ்சுலருந்து ஏழு வரைக்கும். பேப்பர் போடுறவரு அவரு தெருவுல கெடக்குறதப் பாத்தது ஆறரைக்கு. அதுக்கு முன்னால எப்ப நடந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது, பல் டாக்டருக்குத் தெரியாது, ஸ்டேஷன்ல தெரியாது. நானா உங்களுக்கு ஒரு நேரமும் சொல்லல. நீங்க திறந்த உடனே வீடியோவுக்குக் கீழ ஓடுற அந்தக் கோட்டப் புடிச்சு நேரா ஒரு எடத்துக்கு இழுத்தீங்க. கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன, அங்கயே நிறுத்துனீங்க. மூலைல மணி ஓடுமே, அதப் பாத்தேன். அஞ்சு அம்பத்தி ரெண்டு. படம் கட்டம் கட்டமா இருந்துச்சு. கெட்டுப் போச்சுக்கான்னீங்க.

அப்ப எனக்கு ஒண்ணும் உறைக்கல. அப்புறம் பத்து நாள் கழிச்சு, இதே மேசையத் தொடச்சுக்கிட்டு இருக்கேன், கை அப்படியே நின்னு போச்சு. ரெண்டு மணி நேரத்துல அந்த ஒரு நிமிசம் இந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்?

ஏன் எந்திரிக்கிறீங்க? கதவெல்லாம் தொறந்துதான் இருக்கு தம்பி, நான் பூட்டல. போகணும்னா போகலாம். ஆனா காத்தாடிய மாட்டிட்டுப் போங்க, அது இல்லாமப் போட்டா ப்ராசஸர் வெந்துரும்னு சொன்னாங்க. நாலு காலுதான, நாலு டக். உக்காருங்க.

ஒண்ணு. ரெண்டு. அந்த மூலையும். ம்.

நான் பாத்துட்டேன் தம்பி.

முந்தாநாளே பாத்துட்டேன், அந்தக் கடையில. இந்த ப்ராசஸர் ஓடுதான்னு பரிசோதிச்சுக் காட்டுறேன்னு அவரோட போர்டுல மாட்டினாரு. ஏதாவது பெரிய வீடியோ இருந்தாக் குடுங்கம்மா, போட்டுப் பாப்போம்னாரு. இதக் குடுத்தேன். எங்க இருந்து போடணும்னு கேட்டாரு. அஞ்சு அம்பத்தி ரெண்டுல போடுங்கன்னு சொன்னேன். வாய் என்னோடதுதான், சொன்னது நான் மாதிரியே இல்ல. தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் சொன்னேன். உங்க மேல அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வெண்ணெய் மாதிரித்தான் ஓடுச்சு.

தெருவிளக்கு இன்னும் அணைக்கல. அவரு அஞ்சாவது சுத்து வர்றாரு. நான் எண்ணிப் பாத்தேன், அஞ்சாவதுதான். பிஸ்கட் சுத்து. செவப்பு வண்டி வளைஞ்சு வருது, முன்னால உங்க ஸ்க்ரூ டிரைவர் சாமான் பை. நீங்களும் விழுந்தீங்க, அடிபட்டுச்சு, நான் இல்லைங்கல. அதுவரைக்கும் அது விபத்து தம்பி, எவனுக்கும் நடக்கும், எங்க அண்ணனுக்கு நடந்திருந்தாலும் நடந்ததுதான். நீங்க எந்திரிச்சீங்க. நாலு பக்கமும் பாத்தீங்க. நம்ம வாசலப் பாத்தீங்க, சாத்தியிருந்துச்சு. பக்கத்துல போய்க் குந்துனீங்க. தூக்கப் போறீங்கன்னே நான் நெனச்சேன். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுமே, அந்தக் கடையில உக்காந்துக்கிட்டு, தூக்கிருங்க தம்பி, தூக்கிருங்கன்னு சொல்றேன். கடைக்காரர் என்னையப் பாக்குறாரு.

அவரு உங்க மணிக்கட்டப் புடிச்சாரு. அப்புறம் வெரல் வெரலாப் பிரிச்சு விட்டீங்க. ஒவ்வொண்ணா. கீழ விழுந்த ஸ்க்ரூ டிரைவரத் தேடி எடுத்தீங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, சத்தம் கேக்கக் கூடாதுன்னு, முக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனீங்க.

முப்பத்தெட்டு நிமிசம் அங்கயே கெடந்தாரு. அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா இருந்திருப்பாருன்னு ஆஸ்பத்திரில சொன்னப்ப நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க. கையில என் பைய வச்சுக்கிட்டு நின்னீங்க.

சொல்ல வேணாம். மன்னிப்பெல்லாம் இப்ப வேணாம். போன்ல கூப்பிட்டப்ப சொல்வீங்கன்னு பாத்தேன். வண்டியப் பத்திக் கேட்டப்ப பாத்தேன். படத்தப் பத்திச் சொன்னேன், சண்டையச் சொன்னேன், வேற யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் உங்ககிட்ட சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இப்ப வாயத் திறப்பீங்க, இப்பத் திறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ஸ்க்ரூ டிரைவர அந்த ஊசிக்கிட்ட கொண்டு போனீங்க. வளைச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. பதிவு பல் டாக்டர்கிட்ட ஒண்ணு, கடைக்காரர்கிட்ட ஒண்ணு, ஸ்டேஷன்ல ஒண்ணு. நாலு மணிக்கு வர்றவரு இன்ஸ்பெக்டர்தான், அந்தக் கடையிலயே போட்டுப் பாத்துட்டாரு. மதியமே வர்றேன்னாரு. எனக்கு அந்தத் தம்பிகிட்ட ஒரு வேலை பாக்கி இருக்கு சார், ஒரு மணி நேரம் குடுங்கன்னு நான்தான் கேட்டு வாங்கினேன். தெருமுனையில நிக்கிறாங்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம் எதுக்குன்னா.

அவரு உங்க கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றாரு தம்பி. வாய் அசையுது. நீங்க குனிஞ்சு காதக் கிட்ட கொண்டு போறீங்க. பதினோரு செகண்டு. நான் முப்பது தடவை போட்டுப் பாத்துட்டேன். கடைக்காரர் பெருசு பண்ணிக் காட்டினாரு, மெதுவா ஓட்டிக் காட்டினாரு, ஒரு எழுத்துக்கூடப் புரியல. அந்தக் கேமராவுக்குக் காது கெடையாது. நான் காலைல வாய மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். அவரு கடைசியாப் பேசுன பேச்சு உலகத்துலயே உங்க ஒருத்தர் காதுலதான் இருக்கு. இன்ஸ்பெக்டர் வந்துட்டா அப்புறம் வக்கீல் சொல்றதத்தான் நீங்க சொல்வீங்க, எனக்குக் கெடைக்காது. திட்டுனாரா, தண்ணி கேட்டாரா, என்னையக் கூப்பிட்டாரா, எதுன்னாலும் சரி, இருக்குறத அப்படியே சொல்லுங்க. மணி மூணு அம்பதுதான் ஆகுது. மூடிய அப்புறம் மாட்டிக்கலாம், அத வைங்க கீழ.

என்ன சொன்னாரு அவரு?